தேதி போடாத சம்மதக் கடிதம்

மனைவியின் பார்வை குறையத் தொடங்கிய ஆண்டில் என் நாட்குறிப்பில் கூடுதலாக ஒரு கட்டம் கோடு போட்டுப் பிரித்தேன். அதில் தினமும் எழுதியது ஒன்றுதான்: பின்முற்றத்தில் வெயில் வந்த நேரம், போன நேரம். மழை நாளில் ஒரு சிறு கோடு.

கண்ணுக்குள் அழுத்தம் என்றார் மருத்துவர். ஓரங்களிலிருந்து உள்நோக்கி இருட்டிக்கொண்டு வரும். சொட்டு மருந்து அதன் வேகத்தைக் குறைக்கும், போனதைத் திருப்பித் தராது. விளக்கு வெளிச்சத்தில் அவளுக்கு எழுத்துகள் கலைந்துவிடும். காலை வெயிலில் மட்டும் நிற்கும். ஒன்பதேகாலிலிருந்து பதினொன்று வரை பின்முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு நாளிதழ் படிப்பாள். முதலில் மரண அறிவிப்புப் பக்கம். துறைமுக அலுவலகத்தில் எனக்குப் பிற்பகல் வேலை என்பதால் அந்த நேரத்தில் நானும் அருகில் இருப்பேன்.

"போட்டோவுல நாப்பது வயசு மாதிரி இருக்காரு, கீழ எண்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு. எந்தக் காலத்துப் படமோ," என்பாள். "எனக்கும் நல்லதா ஒண்ணு இப்பவே எடுத்து வச்சிடுங்க."

கிள்ளானில் எங்கள் வரிசையில் பதினான்கு வீடுகள். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய, மாடியில்லாத வீடுகள். எங்கள் வீடு வடக்குப் பார்த்தது. பின்பக்கத்தில் மேற்குப் பாதியைச் சமையலறை எடுத்துக்கொண்டது, கிழக்குப் பாதியில் ஆறடி அகலத்துக்கு முற்றம். அதற்கு அப்பால் பொதுச் சுவர், சுவருக்கு அப்பால் பக்கத்து வீடு. சூரியன் அந்த வீட்டின் பின்முற்றத்தைத் தாண்டித்தான் எங்களிடம் வரும்.

பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு லோரி வைத்திருப்பவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒரு சனிக்கிழமை காலை எட்டு நாற்பதுக்குச் சுவருக்கு மேல் அவர் தலை தெரிந்தது.

"அண்ணே, திங்கக்கிழமை பின்னால உடைக்கிறோம். சத்தம் இருக்கும், கோவிச்சுக்காதீங்க."

"எவ்வளவு எடுக்கறீங்க?"

"முழுசா. மேலயும் ரெண்டு ரூம். டெங்கில் ஊர்ல மாமியார் இருந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. மாமியாரு, மச்சினன், அவன் பிள்ளைங்க மூணு. எங்க வைக்கிறது, லோரியிலயா?"

"மேல்மாடிக்குப் பின்னால இடம் விடணுமே."

"பிளான் பாஸாயிடுச்சுண்ணே. நீங்க இருக்கிற வரிசையில சட்டம் மீற முடியுமா?" சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார்.

விதி எனக்குத் தெரியும். கீழ்த்தளத்தைப் பின் எல்லைக்கல் வரை நீட்டலாம். மேல்மாடி அந்தக் கல்லிலிருந்து பத்தடி உள்ளே நிற்க வேண்டும். எங்கள் முற்றம் சரியாக அந்தப் பத்தடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. விதிப்படி கட்டினால் வெயில் ஒரு மணி நேரம் தாமதமாக வரும், ஆனால் வரும். எல்லைக்கல் வரை மாடி எழும்பினால் நண்பகலுக்குப் பிறகுதான் வரும். உச்சி வெயிலில் அவள் கண் கூசும், உட்கார முடியாது. இதைத் தாளில் வரைந்து பார்த்துவிட்டுத்தான் செவ்வாய்க்கிழமை நகராண்மைக் கழகத்துக்குப் போனேன்.

முகப்பில் இருந்தவர் இளம்பெண், தமிழர். என் வரைபடத்தைப் பொறுமையாகப் பார்த்தார். உள்ளே போய்க் கோப்பை எடுத்து வந்தார்.

"நீங்க சொல்ற பத்தடி சரிதான் அங்கிள். ஆனா ரெண்டு பக்கத்து வீட்டுக்காரங்களும் சம்மதம் கொடுத்தா அதைக் குறைச்சு விடுவோம். இதுல ரெண்டு பேரும் கொடுத்திருக்காங்க."

"நான் கொடுக்கலையே."

அவர் ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "இது உங்க கையெழுத்துதானே?"

என் கையெழுத்துதான். அதற்கு மேலிருந்த மலாய் வாசகமும் நான் எழுதியதுதான். பதினொரு வருடங்களுக்கு முன் எங்கள் சமையலறையை நீட்டியபோது, அண்டை வீட்டாரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். நான் தட்டச்சு செய்த கடிதம் ஒழுங்காக இருந்ததால் வரிசையில் எல்லாரும் நகல் எடுத்துக்கொண்டார்கள். அப்போது ஒரு வழக்கமும் உருவானது. ஒருவர் மட்டும் கையெழுத்துப் போடுவதில்லை. அவர் எனக்குப் போட்டால் நான் அவருக்குப் போட வேண்டும். கட்ட வசதியில்லாதவர்கள் தேதியைக் காலியாக விட்டு வாங்கி வைத்துக்கொள்வார்கள், வசதி வரும்போது நிரப்பிக்கொள்ளலாம் என்று. பக்கத்து வீட்டுக்காரரிடம் அப்போது லோரி இல்லை. என் வாழ்க்கையில் தேதி இல்லாமல் நான் கையெழுத்திட்ட தாள் அது ஒன்றுதான்.

கடிதத்தின் கடைசி வரி, இப்போது செய்யும் மாற்றத்துக்கும் இனிமேல் செய்யும் எந்த மாற்றத்துக்கும், எல்லையிலிருந்து விடவேண்டிய தூரத்தைக் குறைப்பதற்கும் ஆட்சேபம் இல்லை என்றது. பிற்பாடு நான் ஏதாவது கட்ட நினைத்தால் மறுபடி வீடு வீடாக ஏறி இறங்கக் கூடாது என்பதற்காக நானே யோசித்துச் சேர்த்த வரி. அதன் கீழே என் நீல மை. பக்கத்தில் கருப்பு மையில், வேறு கையில், இந்த ஆண்டின் தேதி.

"தேதி பிறகு போட்டதுன்னு எதிர்ப்பு எழுதிக் கொடுக்கலாம் அங்கிள்," என்றார் அந்தப் பெண். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "கொடுத்தா வேலையை நிறுத்திட்டு வந்து அளப்போம். ரெண்டு வீட்டையும்."

"ரெண்டையுமா?"

"பின் எல்லை ஒரே கோடுதானே."

எதிர்ப்புப் படிவம் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பழைய நாட்குறிப்பை எடுத்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை, எந்தப் பக்கம் என்று தெரியும். 'சமையலறைப் பின்சுவர் இன்று எழும்பியது. பிளானைவிட இரண்டடி அதிகம், பின்சந்துக்குள். கேட்டதற்கு, எல்லாரும் எடுக்கறதுதான் அண்ணே என்றார் காண்ட்ராக்டர். விட்டுவிட்டேன்.' என் எழுத்து தெளிவாக இருந்தது. அந்த இரண்டடியில்தான் எங்கள் அடுப்பு இருக்கிறது.

வந்து அளந்தால் அந்தச் சுவரை இடிக்கச் சொல்வார்கள். அடுப்பு, அலமாரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இடம் மாறும். அவள் அந்த அறையைக் கையால் படித்து வைத்திருந்தாள். மேல் தட்டில் இடமிருந்து மூன்றாவது டப்பா மிளகு. அடுப்பிலிருந்து தொட்டிக்கு இரண்டு எட்டு. இரண்டாவது எட்டில் தரை சற்று உயரும், அங்கே அவள் கால் தானாகத் தூக்கிக்கொள்ளும். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அது தெரிய ஒரு வருடம் ஆனது.

மறுநாள் காலை முற்றத்தில் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நாட்குறிப்பில் இருந்ததையும். சுவருக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அந்தக் கடைசி வரியை எதுக்கு எழுதினீங்க?"

"மறுபடி எல்லார் வீட்டுக்கும் போக வேணாமேன்னு."

"சோம்பேறித்தனம்னு சொல்லுங்க."

"ஆமாம்."

தண்டை ஒடித்துப் போட்டாள்.

"எழுதிக் கொடுத்தா அவங்க மாமியார் எங்க போகும்?"

"தெரியலை."

"நம்ம அடுப்பு?"

"உள்ள தள்ளணும். கதவுப் பக்கம்."

"வேணாம்," என்றாள். "வெளிச்சம் எப்படியும் போகத்தான் போகுது. ரெண்டு வருசமோ மூணோ. அடுப்பு எங்க இருக்குன்னு எனக்கு அதுக்கு அப்புறமும் தெரியணும்."

படிவத்தை நிரப்பாமல் வீட்டுக் கோப்பில் சேர்த்தேன். ரசீதுகளுக்குப் பின்னால், பிளானுக்கு முன்னால்.

சுவர் எழும்ப ஐந்து வாரம் ஆனது. மேல்மாடியின் செங்கல் வரிசைகளைத் தினமும் எண்ணி எழுதினேன். வெயில் ஒன்பதரைக்கு வந்தது, பிறகு பத்துக்கு, பிறகு பத்து ஐம்பதுக்கு. அவள் நாற்காலியை மேற்கே மேற்கே நகர்த்தி, கடைசியில் சமையலறைச் சுவரோடு முதுகு ஒட்ட உட்கார்ந்தாள். கூரை போட்ட அன்று நாளிதழை இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தாள். முன்பக்கத்திலும் முயன்று பார்த்தோம். கார் நிறுத்தும் கூரைக்கு அடியில் நாள் முழுவதும் ஒரே சாம்பல் வெளிச்சம். மூன்று நாளில் விட்டுவிட்டாள்.

டெங்கிலிலிருந்து மாமியார் வீட்டு ஆட்கள் சாமான்களோடு வந்து இறங்கிய மாலையில் பக்கத்து வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"அண்ணே, நீங்க கவுன்சிலுக்குப் போனது தெரியும். தேதியை நான்தான் போட்டேன். உங்களைக் கேட்டுட்டுப் போட்டிருக்கணும்."

"கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா நீங்களே போட்டிருப்பீங்க லா. உங்க கையெழுத்துதான் அழகு."

பழத்தை வாங்கிக்கொண்டேன். கேட்டிருந்தால் போட்டிருப்பேனா என்பதை அன்றைய பக்கத்தில் எழுத உட்கார்ந்தேன். பதினைந்து நிமிடம் ஆகியும் எழுத முடியவில்லை.

இப்போது மரண அறிவிப்புகளை நான் படிக்கிறேன். படம் எப்படி இருக்கிறது, வயது எவ்வளவு என்று கேட்டுக்கொள்வாள். முற்றத்துத் தரையில் பாசி பிடித்துவிட்டது. வாரம் இருமுறை தேய்க்கிறேன், அவள் வழுக்கிவிடக் கூடாது. முன்பெல்லாம் தரையில் வெயில் எங்கே நிற்கிறது என்று பார்த்து அரிசியைக் களைவாள், கடிகாரம் கேட்க மாட்டாள். நேற்று அடுப்பருகில் நின்றுகொண்டு, "மணி என்ன ஆச்சு?" என்றாள்.

"பத்து ஏழு."

"இன்னும் விடியாத மாதிரி இருக்கு."

அவளுக்கு அரிசிப் பானையை எடுத்துக் கொடுக்க எழுந்தேன். அதற்குள் கை நீட்டி அவளே எடுத்துவிட்டாள்.