தப்புச் சொல்ல ஓர் ஆள்

பள்ளியில் அவருக்குச் 'சுடச்சுட டீச்சர்' என்று பெயர். கேள்வியை நீங்கள் முடிப்பதற்குள் விடை வந்து விழுந்துவிடும். இத்தனை வருட அறிவியல் வகுப்பில் ஒரு பிள்ளையையும் திண்டாட விட்டதில்லை என்று அவர் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். பிள்ளைகளுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. யோசிப்பது என்ன அவ்வளவு சுகமான வேலையா?

அந்த நிம்மதியில் மண்ணைப் போட்டது புது முறை. இனி ஆசிரியர் விடை சொல்லக் கூடாதாம், கேள்வி மட்டும்தான் கேட்க வேண்டுமாம். பிள்ளைகள் முதலில் தப்பாக ஊகித்து, பிறகு சோதனை செய்து பார்த்து, உண்மையைத் தாங்களே கண்டுபிடிப்பார்களாம். இதற்காக ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. பிள்ளைகளிடம் நீளமாகப் பேசக் கூடாது என்பதைப் பற்றி ஒருவர் காலையிலிருந்து சாயங்காலம் வரை நீளமாகப் பேசினார். டீச்சர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டுவிட்டு வந்தார்.

வந்த கையோடு தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

"வியாழக்கிழமை கல்வி அதிகாரி உங்க வகுப்பைப் பாக்க வர்றாரு. புது முறையில சரியா நடத்தலைன்னா, பத்தாம் வகுப்பை நம்ம இளைய அறிவியல் சார்கிட்ட குடுத்துட்டு உங்களை ஆறாம் வகுப்புக்கு மாத்தச் சொல்லிடுவாரு. என் கையில ஒண்ணும் இல்ல."

அந்தப் பிள்ளைகளை ஆறாம் வகுப்பிலிருந்து கைப்பிடித்துக் கூட்டிவந்தவர் டீச்சர். இந்த வருடம் பொதுத்தேர்வு. போதாக்குறைக்கு அவர் பெற்ற மகளும் அதே வகுப்பில், இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பாதி வழியில் அவர்களை இன்னொருவரிடம் ஒப்படைப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அதனால் நம் ஆசிரியர்கள் எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார். ஒத்திகை பார்த்தார்.

பாடம் ஊசல். ஒரே நீள நூலில் மரக்குண்டையும் பித்தளைக் குண்டையும் கட்டி ஆட விட வேண்டும். எடை கூடினாலும் குறைந்தாலும் ஆடும் நேரம் ஒன்றுதான் என்று பிள்ளைகள் 'கண்டுபிடிக்க' வேண்டும். ஒத்திகையில் அழகாகக் கண்டுபிடித்தார்கள். யார் கை தூக்குவது, யார் ஆச்சரியப்படுவது என்பது வரை முடிவாகிவிட்டது. ஒரே ஒரு சிக்கல். முதலில் தப்பாக ஊகிக்க ஒருவர் வேண்டுமே! அதிகாரி முன்னால் மக்காக நிற்க ஒருத்தரும் தயாராக இல்லை. ஊரார் பிள்ளையை வற்புறுத்தினால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். தப்பை மகள் தலையில் கட்டினார்.

"தெரிஞ்சதைத் தெரியாதுன்னு சொல்லணுமாம்மா?" என்று வீட்டில் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வகுப்பில் முதலாவதாக வருகிறவள் அவள்.

"எனக்காகடி. ஒரே ஒரு தடவை."

வியாழக்கிழமை வந்தது. கூடவே அதிகாரியும் வந்தார். மேசைமேல் பளபளத்த குண்டுகளைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "ஆய்வகச் சாமான் எதுக்கும்மா? பிள்ளைங்க தினம் பாக்குற பொருளை வெச்சுப் பண்ணலாமே. அதுதானே புது முறை?"

டீச்சர் அசரவில்லை. குண்டை மாற்றினால் என்ன, நூல் அதே நூல்தானே? ஆய்வக அலமாரிகளின் பூட்டுகளைக் கழற்றிக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்தார். உள்ளங்கையை அடைக்கும் கனத்த இரும்புப் பூட்டுகள். எடை குறைந்த பொருளுக்குக் குழுவுக்கு ஓர் அழி ரப்பர். இரண்டையும் ஒரு சாண் நூலில் கட்டச் சொன்னார்.

"எது வேகமா ஆடும்?" என்று கேட்டார்.

மகள் எழுந்தாள். "கனமானதுதான் வேகமா ஆடும் டீச்சர்." சொல்லி வைத்தது என்று சத்தியம் பண்ணினால்கூட யாரும் நம்ப மாட்டார்கள். அதிகாரி கடைசி பெஞ்சில் தலையாட்டிக்கொண்டே எழுதினார். டீச்சருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

இருபது ஆட்டத்தை எண்ணி நேரம் பார்க்க வேண்டும். குழுக் குழுவாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் மகளின் தோளுக்குப் பின்னால் போய் நின்றார். ரப்பருக்கு இருபது விநாடி. பூட்டுக்கு இருபத்திரண்டு. மகள் புருவத்தைச் சுருக்கிவிட்டுத் திரும்பவும் ஆட்டினாள். மறுபடியும் இருபத்திரண்டு. அடுத்த மேசையிலும் அதே கதை. ஒத்திகையில் வராத இரண்டு விநாடி இன்றைக்கு எங்கிருந்து வந்து தொலைத்தது?

மகள் ஓரக்கண்ணால் அதிகாரியைப் பார்த்தாள். பிறகு தாளில் நிதானமாக எழுதினாள். ரப்பர் இருபது. பூட்டு இருபது. தாளைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள். பக்கத்துக் குழு எட்டிப் பார்த்தது, அதற்கடுத்த குழுவுக்குக் கண் காட்டியது. ஒரு நிமிடத்தில் வகுப்பு முழுக்க இருபது.

"ரெண்டுக்கும் ஒரே நேரம்தான் டீச்சர்!" என்று கோரஸாகக் கத்தினார்கள்.

அதிகாரி சிரித்தார். "பிரமாதம்."

அவ்வளவுதான், கரை ஏறியாயிற்று. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். டீச்சரால் முடியவில்லை. தன் பிள்ளை தன் கண்ணெதிரே பொய்யை எழுதிவிட்டுச் சமர்த்தாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அதுவும் தனக்காக. நடிக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே என்று நினைத்தபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அதை அழி," என்றார்.

"டீச்சர்?"

"வாட்ச்ல என்ன வந்துச்சோ அதை எழுது."

"அம்மா, வேணாம்மா." வகுப்பில் அவள் ஒருநாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை.

டீச்சரே கரும்பலகையில் எழுதினார். இருபது, இருபத்திரண்டு. "ஏன் இந்த வித்தியாசம்?" என்று கேட்டார். பிள்ளைகள் வழக்கம்போல அவர் வாயையே பார்த்தார்கள். சுடச்சுட வர வேண்டிய விடை வரவில்லை. "எனக்கும் தெரியல," என்றார். பிறகு மணி அடிக்கிற வரை அந்த அறையில் பூட்டுகள் மட்டும்தான் ஆடிக்கொண்டிருந்தன.

தலைமையாசிரியை அறையில் அதிகாரி கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். "பிள்ளைங்க சரியான முடிவுக்கு வந்துட்டாங்க. நீங்கதாம்மா கலைச்சு விட்டீங்க."

"அவங்க எழுதின நேரம் பொய் சார்."

"முடிவு சரிதானே?"

மறுநாளிலிருந்து பத்தாம் வகுப்பு இளைய சாருக்கு என்று அங்கேயே முடிவானது.

வெறிச்சோடிய ஆய்வகத்தில் பூட்டுகளைத் திரும்ப மாட்டும்போதுதான் டீச்சருக்குப் பொறி தட்டியது. ரப்பர் நூலின் நுனியை ஒட்டி நிற்கிறது. பூட்டோ வளையத்தில் தொங்கி நாலு விரல் கீழே இறங்குகிறது. முடிச்சு வரைதானே அளந்தோம்? பூட்டின் நடு வரை அல்லவா அளந்திருக்க வேண்டும்! கனம் பாவம், ஒன்றும் செய்யவில்லை. ஊசலின் நீளம்தான் கூடிவிட்டது. "அட, மண்டூகமே!" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். ஒத்திகைக் குண்டுகள் இரண்டும் ஒரே அளவு. அவற்றில் இந்த வம்பு வரவே வராது.

வீட்டில் மகள் அழுது முடித்து, முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். "நான் உனக்காகத்தானே எழுதினேன்? உனக்கு எதுக்கும்மா இந்த வீம்பு?"

"எனக்காக நீ பொய் எழுத வேணாம்டி. நான்தான் உன்னைக் கெடுத்தேன்."

மகள் மூக்கை உறிஞ்சினாள். "நிஜமாவே உனக்குத் தெரியலயா? இல்ல, அதுவும் நடிப்பா?"

"அப்போ நிஜமாவே தெரியல. இப்போ தெரியும்."

"ஏனாம்?"

விடை நாக்கு நுனியில் நின்று துள்ளியது. டீச்சர் விழுங்கினார். "சொல்ல மாட்டேன்."

"அம்மா!" தட்டை நகர்த்திவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போனாள். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. ஆனாலும் டீச்சர் போய்ச் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆறாம் வகுப்புக்குப் போகிற வழியில் பத்தாம் வகுப்பின் ஜன்னலைத் தாண்ட வேண்டியிருந்தது. உள்ளே இளைய சாரின் குரல். "ரெண்டும் சமம்தான்னு புத்தகத்துலயே இருக்கு. எழுதிக்கிட்டு உக்காரு."

"எழுதிக்கிறேன் சார்." அது மகளின் குரல். "ஆனா நேத்து எங்க எல்லாருக்குமே வேற வந்துச்சு. நூலை மட்டும் அளக்காம, பூட்டோட நடு வரைக்கும் சேத்து அளந்தா என்ன சார் ஆகும்?"

பின்னாலிருந்து இன்னொரு குரல் எழுந்தது. "ஆமா சார், அளந்து பாக்கலாம் சார்." பெஞ்சுகள் தடதடவென்று நகர்ந்தன.

டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். 'அதேதான்!' என்று கத்தத் தோன்றியது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. உள்ளே போக அவருக்கு இனி உரிமை இல்லை. புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு ஆறாம் வகுப்புக்கு நடந்தார்.