மேஜருக்குப் பணிந்த தாசில்தார்

எல்லையில் போர் நடந்த நாட்களில் நான் திருப்பூர்ப் பக்கம் கிராம நிர்வாக அலுவலர். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள். எங்கள் தாசில்தார் ஒல்லியான பெண்மணி. கோபம் ஏற ஏற அவர் பேச்சில் மரியாதை கூடும்.

விளக்கணைப்பு ஒத்திகைக்கு வந்த மேஜர், தாசில்தார் அலுவலகத்தில் உட்கார்ந்து, சாயப்பட்டறைகளுக்கு உடனே மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார்.

"துணி சாயத்துல ஓடிட்டிருக்குங்க சார். இப்ப நிறுத்துனா திட்டுத்திட்டாயிரும்" என்றேன்.

"இந்த ஆபீஸ்ல படிச்ச ஆளே இல்லையா?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டார்.

தாசில்தார் எழுந்து கைகூப்பினார். "நீங்க சொன்னாச் சரிங்க சார். உங்க உத்தரவுன்னு ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

மேஜர் போட்டுவிட்டுப் போனார்.

"அம்மா, அது பட்டாளத்துக்கே போற பனியன் துணிங்களே!"

"தெரியும் கண்ணு. கரண்ட்டை நிறுத்தச் சொல்லு."

துணி பாழானது. பட்டறைக்காரர் அந்தக் கையெழுத்தைக் காட்டித் தப்பித்தார், மேஜர் மாட்டினார். மறுவாரம் வந்து, "எங்க துணின்னு ஏன் அப்பவே சொல்லலை?" என்று கத்தினார்.

தாசில்தார் என்னைக் காட்டினார். "இவங்க சொல்ல வந்தாங்க. நீங்கதானுங்க கேக்கலீங்க."

மேஜரால் என்னைப் பார்க்க முடியவில்லை.

எல்லையில் யாரோ சில சிப்பாய்கள் மாற்றுப் பனியன் இல்லாமல் இருந்திருப்பார்கள். அதை நினைத்தும் அந்த அம்மாள் மேல் எனக்கு இன்றுவரை கோபம் வரவில்லை.