தெல்கெர்மா தொட்டுப் பார்க்காத நெற்றி

தெல்கெர்மா மறுபடியும் படிக்கப் போனதற்குக் காரணம் ஒரு மேசை இழுப்பறை.

அல்தாய் மலையடியில் இருக்கும் எங்கள் ஊரில் மருத்துவமனை, கால்நடை அலுவலகம், வனக்காவலர் அலுவலகம் மூன்றும் ஒரே தெருவில்தான். நான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன். தெல்கெர்மா ஒன்பது வருடமாகக் கால்நடை மருத்துவராக இருந்தாள். ஒரு கோடையில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி கடும் காய்ச்சலோடு என் வண்டியிலேயே இறந்துபோனாள். பிளேக். இலையுதிர் காலத்தில், எதற்கோ பேனா தேடி வனக்காவலரின் இழுப்பறையைத் திறந்த தெல்கெர்மாவுக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தது. 'வடக்குச் சரிவில் செத்த தர்பகன்கள் பதினொன்று.' அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வருவதற்குப் பன்னிரண்டு நாள் முந்தைய தேதி.

தர்பகன் வளையில் வாழும் கொழுத்த மலைப் பிராணி. அதன் தெள்ளுப்பூச்சிகள் வழியாகத்தான் எங்கள் பக்கம் பிளேக் பரவும்.

"எங்க மேலிடத்துக்கு அனுப்பிட்டேனே," என்றார் வனக்காவலர். பொய்யில்லை. அவர் அவருடைய மேலிடத்துக்கு அனுப்பினார். மருத்துவமனை மருத்துவர் அந்தப் பெண்ணின் சாவைத் தன் மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார். பத்தடி தள்ளியிருந்த கதவை யாரும் தட்டவில்லை.

முப்பத்தாறு வயதில், மந்தையைக் கணவனிடம் விட்டுவிட்டு, அவள் தலைநகருக்குப் போனாள். மனிதன், விலங்கு, நிலம் மூன்றின் நோயையும் சேர்த்தே படிக்கும் முதுகலைப் படிப்பு. அவளுடைய அண்ணன் சம்தான் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தான்: "எங்க தங்கச்சி இனிமே மலைக்கே நாடி பிடிச்சுப் பார்ப்பா!"

இரண்டாம் வருட ஆய்வுக்கு அவள் எங்கள் பக்கத்து ஹவ்ச்சிக் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்தாள். வண்டி ஓட்ட நான் போனேன்.

ஜூலை முதல் வாரம். காலை எட்டு மணிக்கு அந்தப் பள்ளத்தாக்கில் தர்பகன்களின் சீழ்க்கை காதைத் துளைக்க வேண்டும். அன்று காற்றைத் தவிர வேறு சத்தமில்லை. நான் எஞ்சினை அணைத்தேன். ஒரே ஒரு தர்பகன் வளையிலிருந்து வெளியே வந்தது. எங்களைக் கண்டு ஓடவில்லை. குடித்தவன் மாதிரித் தள்ளாடி எங்கள் சக்கரத்தை நோக்கி நடந்து வந்தது.

"பூரெவ் அண்ணே, கதவைத் திறக்காதீங்க," என்றாள் தெல்கெர்மா மெதுவாக.

அது அங்கேயே சுருண்டு படுத்துக்கொண்டது. கவச உடை மாட்டிக்கொண்டுதான் இறங்கினோம். வெள்ளை ஃபிளானல் துணியைக் குச்சியில் கட்டி வளைக்குள் விட்டு இழுத்தாள். வழக்கமாக இரண்டு மூன்று தெள்ளுப்பூச்சிகள் ஒட்டிக்கொண்டு வரும். அன்று துணி மிளகு கொட்டியது போல் கறுத்து வந்தது. உள்ளே இருந்த உடம்புகள் எல்லாம் ஆறிப்போய்விட்டன. பூச்சிகள் சூடான எதையாவது தேடிக்கொண்டிருந்தன.

அடுத்த வளையின் வாயில் அறுந்த கம்பிச் சுருக்கு கிடந்தது. பக்கத்தில் மூன்று சக்கரத் தடம். பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள் எங்கள் ஊரில் சம்தானிடம் மட்டும்தான் உண்டு. நான் அவளைப் பார்த்தேன். அவள் பூச்சிகளைக் குப்பியில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் கூடாரத்துக்கு விடுங்க," என்றாள் வண்டியில் ஏறியதும்.

அண்ணி புஜின் சிரித்த முகமாக வரவேற்று உப்புத் தேநீர் ஊற்றினாள். அவள் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. சம்தான் கட்டிலில் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான்.

"குதிரையிலேர்ந்து விழுந்துட்டேன்."

"எந்தக் குதிரை? பக்கப்பெட்டி வெச்ச குதிரையா?"

"வந்துட்டா பாரு, போலீஸ்காரி!"

அவன் கையைத் தூக்கி அக்குளை அழுத்தினாள். அலறிவிட்டான். கோழிமுட்டை அளவுக்குக் கட்டி.

"எத்தனை அடிச்சே?"

"நாலு. நாதாம் திருவிழாவுக்கு விருந்தாளிங்க வர்றாங்க, வெறும் ஆட்டுக்கறியா போடச் சொல்றே? வேட்டைக்குத் தடைன்னு தெரியும். உன் புஸ்தகத்துல என்னை எழுதி மாட்டிவிடப் போறியா?"

"எழுதத்தான் போறேன். நீ உயிரோட இருந்து திட்டு. அண்ணி, தோலுரிச்சது நீங்களா? காய்ச்சல் இருக்கா?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். அவரைப் பாரு."

தெல்கெர்மா தகவல் சொன்னதும் மருத்துவமனை மருத்துவர் வந்து சம்தானுக்கு ஊசி போட்டார். புஜினுக்கும் எங்களுக்கும் மாத்திரை கொடுத்தார். அந்தக் கூடாரத்தைவிட்டு யாரும் வெளியே போகக் கூடாதென்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். தெல்கெர்மா ஒரே அறிக்கையை மூன்று படியெடுத்து மூன்று அலுவலகத்திலும் தன் கையால் கொடுத்தாள். ஊர்த்தலைவர் கொம்போவோ பூச்சிகளின் பரிசோதனை முடிவு வரும்வரை சாலையை மூட மறுத்தார். திருவிழாவுக்கு ஐந்தே நாள். வெளியூர்க் குதிரைகள் வரத் தொடங்கியிருந்தன.

மறுநாள் காலை அவள் சொன்னபடி நான் ஆம்புலன்ஸை ஆற்றுப்பாலத்தின் குறுக்கே நிறுத்தினேன். ஊருக்குள் வர வேறு வழியில்லை. நடுப்பகலுக்குள் லாரிகளும் குதிரைகளும் அரை மைல் நீளத்துக்கு நின்றுவிட்டன.

"எலிக்குச் சளி பிடிச்சதுக்கு மல்யுத்தத்தை நிறுத்துவாங்களாடி?" என்று ஒருவன் கத்த, கூட்டம் சிரித்தது. கொம்போ மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"வண்டியை எடுடா பூரெவ்! ஏம்மா, நீ இப்போ வேலையில இருக்கியா? வெறும் மாணவிதானே? எந்த அதிகாரத்துல பாலத்தை மறிக்கிறே?"

"அதிகாரம் இல்லீங்க. நீங்க கையெழுத்துப் போடுங்க, அதுவரைக்கும் நிக்கிறேன்."

அப்போது மருத்துவரின் ஜீப் ஊர்ப்பக்கத்திலிருந்து வந்தது. அவர் இறங்கவில்லை. கண்ணாடியைக் கொஞ்சம் மட்டும் இறக்கினார். "புஜினுக்கு இருமல்ல ரத்தம் வருது. பிளேக் நுரையீரலுக்குப் போயிடுச்சு, இனிமே மூச்சுலயே பரவும். எல்லாரும் தள்ளிப் போங்க."

முன்னால் நின்றவர்கள் குதிரைகளைத் திருப்பினார்கள். கொம்போ என் வண்டியின் முகப்பிலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

புஜின் அன்று மாலையே இறந்தாள். மாத்திரைகள் தேநீர் டப்பாவுக்குள் அப்படியே இருந்தன. கணவனுக்குப் போதாமல் போய்விடுமோ என்று அவள் எடுத்து வைத்திருக்கிறாள். மருத்துவமனைக்குக் கொண்டுபோன சம்தான் பிழைத்துக்கொண்டான். புஜினோடு அந்த நாட்களில் பேசிப் பழகிய இருபத்து மூன்று பேரைத் தனியே வைத்தார்கள். ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை. புஜினைக் கவச உடைக்காரர்கள் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். அவள் உடலை ஜன்னல் வழியாகப் பார்க்கக்கூடச் சம்தானை விடவில்லை.

தெல்கெர்மா அழுது நான் பார்த்ததில்லை. ஒருநாள் வண்டியில் தானாகப் பேசினாள்.

"ஒரு பசு சுருண்டு படுத்தா அதுகிட்ட காய்ச்சலான்னு கேட்பேனா அண்ணே? கையை வெச்சுப் பார்ப்பேன். ஒன்பது வருஷமா அதுதான் என் வேலை. அண்ணிகிட்ட மட்டும் வாயால கேட்டேன். அவங்க இல்லைன்னாங்க. நம்பிட்டு வந்துட்டேன். நெத்தியில கை வெச்சிருந்தா..."



ஆய்வேட்டில் அவள் புஜினை ஒரே வரியில் எழுதினாள்: பெண், நாற்பத்தொன்று, விரலில் வெட்டு, நேரில் சோதிக்கப்படவில்லை. கடைசி இரண்டு சொற்கள் அவசியமா என்று பேராசிரியர்கள் கேட்டார்களாம். அவசியம் என்றாளாம்.

பட்டம் வாங்கிக்கொண்டு பழைய வேலைக்கே திரும்பினாள். இப்போது மூன்று அலுவலகத்துக்கும் ஒரே பதிவேடு. மருத்துவமனை வாசலில் கயிறு கட்டித் தொங்குகிறது. சுவரில் வரைபடம், அதில் செத்த வளைகளுக்குச் சிவப்புப் புள்ளிகள். மூன்று கோடையாகப் புள்ளிகள் ஆற்றோரமாக இறங்கி வருகின்றன. குளிர்காலம் சுருங்கிவிட்டது, பூச்சிகள் சாவதில்லை என்கிறாள் அவள்.

சம்தான் அவளோடு பேசுவதில்லை. ஆனால் போன வாரம் மருத்துவமனைக்கு வந்தான். அவள் உள்ளேதான் இருந்தாள், கதவும் திறந்திருந்தது. அவன் என்னைப் பார்த்துச் சொன்னான்:

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இருக்கிற மேட்டுல ரெண்டு தர்பகன் செத்துக் கிடக்கு. தொடல. அவகிட்ட சொல்லிடு."

சொல்லத் தேவையிருக்கவில்லை. அவள் கவச உடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பள்ளியில் காலை மணி அடித்து, பிள்ளைகள் வந்து சேர்ந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது.