கீழ் வீட்டுக்கு வந்த குரல்

பட்டுக்கோட்டையில் நான் குடியிருக்கும் மாடி வீட்டுக்கு எதிரே தேங்காய் மண்டி. லாரி பின்னால் எடுக்கும் சத்தமும் காய் கொட்டும் சத்தமும் மத்தியானம் மூன்று மணிக்குத் தொடங்கினால் விளக்கு வைக்கிற வரைக்கும் ஓயாது. பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நான், சிங்கப்பூரில் இருக்கும் ஐந்து பிள்ளைகளுக்கு லேப்டாப் வழியாகத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். முதல் வாரமே அவர்களில் ஒருத்தி கேட்டுவிட்டாள்: "டீச்சர், உங்க வீட்ல என்னத்த உடைக்கிறாங்க?"

சென்னையில் இருக்கும் மகளிடம் சொன்னேன். நாலாம் நாள் கூரியரில் ஒரு சின்ன டப்பா வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். திறந்தால் மொச்சைக்கொட்டை மாதிரி இரண்டு வெள்ளைக் குமிழ்கள். ஒயர் எதுவும் கிடையாது.

எப்படி இணைப்பது என்று மகள் போனிலேயே சொன்னாள். டப்பாவின் பின்னால் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் விளக்கு மின்னும். போனில் ப்ளூடூத்தைத் திறந்தால் பட்டியலில் பெயர் வரும். அதைத் தொட்டால் முடிந்தது. போனோடு ஒரு நிமிஷத்தில் சேர்ந்துகொண்டது. காதுக்குள் ஒரு பெண்குரல் 'கனெக்டட்' என்றது. லேப்டாப்தான் மூன்று நாள் அலைக்கழித்தது. பட்டியலில் மண்டியில் யாரோ வைத்திருக்கும் ஸ்பீக்கரின் பெயர் வந்தது, கீழ் வீட்டு டிவியின் பெயர் வந்தது, என்னுடையது மட்டும் வரவில்லை. மூன்றாம் நாள்தான் பிடிபட்டது. டப்பாவைத் திறந்த நொடியே பக்கத்தில் கிடக்கும் என் போன் முந்திக்கொண்டு அதைப் பிடித்துவிடுகிறது. போனில் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு லேப்டாப்பில் தேடினேன், சமர்த்தாக வந்து நின்றது. ஒரு தடவை பழகிய எந்த போனோடும் கம்ப்யூட்டரோடும் அது தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும் என்பது அப்போது எனக்கு வசதியாகத்தான் தெரிந்தது.

கீழ் வீட்டில் மூன்று பேர். வீட்டுக்காரப் பெண், அவள் மாமியார், மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள். அவள் கணவர் பதினோரு வருஷமாக குவைத்தில் டிரைவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து நாற்பது நாள் இருந்துவிட்டுப் போவார். அவள் வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தபடியே அவரிடம் பேசிக்கொண்டு தைப்பாள்.

ஒரு நாள் மாடிக்கு வந்தவள் என் காதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதுல அந்தப் பக்கம் பேசுறது நல்லாக் கேக்குமா?" என்றாள்.

"போட்டுத்தான் பாரேன்" என்று சொல்லி, அவள் போனோடு இணைத்துக் கொடுத்தேன். கீழே போய் அரை மணி நேரம் பேசிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தாள். முகம் மலர்ந்திருந்தது. "கைல போனே இல்லாம பேசுறது, அவரு பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு டீச்சர். மீனே கழுவி முடிச்சிட்டேன்."

குமிழ்களைத் துடைத்து டப்பாவில் வைத்தேன். அவள் போனிலிருந்து அதன் பெயரை நீக்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் இருக்கும். மத்தியானம் முழுக்கக் கரண்ட் இல்லை, என் போன் சார்ஜ் இறங்கி அணைந்து கிடந்தது. ஐந்தேகாலுக்குக் கரண்ட் வந்தது. வகுப்புக்கு இன்னும் கால் மணி இருந்தது. லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்பே குமிழ்களைக் காதில் போட்டுக்கொண்டு, டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். 'கனெக்டட்' என்றது. லேப்டாப்பே மூடிக் கிடக்கிறதே, எதோடு சேர்ந்தது என்று யோசிப்பதற்குள் காதில் ஓர் ஆண்குரல் பேச ஆரம்பித்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும்மா. இத நீ தனியா இருக்கும்போது கேளு. உம்மா பக்கத்துல வேணாம். பத்து நாளா வீடியோல வரலேன்னு கோவிச்சுக்கிட்டியே... நெட்டு சரியில்லேன்னு சொன்னது பொய்தான். வலது கண்ணு தெரியலம்மா. சுத்தமாத் தெரியல. மொதல்ல மங்கலா இருந்துச்சு, தூசின்னு நெனச்சு விட்டுட்டேன். சுகராலதான், லேட்டா வந்துட்டீங்கன்னு டாக்டரு சொல்றாரு. இடது கண்ணக் காப்பாத்திரலாமாம். வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க. அடுத்த மாசம் அனுப்பி வச்சிருவாங்க. லீவுல இல்ல, ஒரேயடியா வர்றேன். இத உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. வந்து வீட்ல சும்மா உக்காந்துட்டா... உனக்கு நான் பாரமாயிருவேனோன்னு... உடனே பதில் சொல்ல வேணாம். ரெண்டு நாள் கழிச்சுச் சொன்னாப் போதும்."

குரல் நின்றது. குழாய் திறந்தபடியே இருந்தது, டம்ளர் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. யாருடைய குரல் என்று எனக்குத் தெரியும். போன தடவை குவைத்திலிருந்து வந்தபோது என் வாசல்படியில் நின்று பேசிய மனிதர்.

மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. "அஸ்ஸலாமு அலைக்கும்மா. இத நீ தனியா இருக்கும்போது கேளு."

இதை நான் ஒளிக்காமல் எழுத வேண்டும். முதல் தடவை திகைத்துப் போய்க் கேட்டேன். இரண்டாம் தடவை தெரிந்தே கேட்டேன். குமிழைக் கழற்ற ஒரு நொடி போதும். கழற்றவில்லை. ஏதாவது தப்பாகக் கேட்டுவிட்டோமோ, கண் என்று சொன்னது வேறு எதுவோ என்ற ஒரு நப்பாசை. பாரமாயிருவேனோ என்ற இடம் வந்ததும் அவர் மூச்சை இழுத்து நிறுத்துவது அப்படியே கேட்டது.

மூன்றாம் தடவை ஆரம்பித்தபோதுதான் கீழே என்ன நடக்கிறது என்று உறைத்தது. என் சமையலறைக்கு நேர் கீழே அவள் கூடம். அங்கே அவள் போனை வைத்துக்கொண்டு அழுத்தி அழுத்திப் பார்க்கிறாள். குரல் முழுக்க மாடிக்கு வந்துவிடுவதால் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. குமிழ்களைப் பிடுங்கி டப்பாவில் போட்டுக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினேன்.

கூடத்தில் தையல் மெஷின் முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். மாமியார் பக்கத்து நாற்காலியில் முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தார். பேத்தி குர்ஆன் ஓதப் போயிருந்தாள்.

"நல்ல வேளை வந்தீங்க டீச்சர்" என்றாள் அவள். "போன் ஸ்பீக்கர் போயிருச்சு போல. அவரு பேசி அனுப்பியிருக்காரு. போட்டா ஓடுது, சத்தமே வரல."

"எம் புள்ள கொரலக் கேட்டுப் பத்து நாளாச்சு" என்றார் மாமியார். "அத சரிபண்ணிச் சத்தமாப் போடுங்க டீச்சர், நானும் கேக்குறேன்."

போனை வாங்கிப் பார்த்தேன். மேல் ஓரத்தில் ப்ளூடூத் அடையாளம். அணைத்துவிட்டு அவளிடம் நீட்டினேன். அவள் உடனே கட்டைவிரலைக் கொண்டுபோனாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"இங்க வேணாம்மா. கொல்லைப் பக்கம் போய்க் கேளு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் இன்னொரு கையில் இருந்த டப்பாவைப் பார்த்தாள். மாமியாருக்குக் கேட்காத குரலில், "நீங்க கேட்டீங்களா?" என்றாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் எழுந்து போனாள்.

"என்னவாம்?" என்றார் மாமியார்.

"ஒண்ணுமில்லக்கா. கொல்லைல டவர் நல்லாக் கெடைக்கும், அதான்" என்றேன். எனக்குப் பொய் சரளமாக வராது. அவர் நம்பினாரோ இல்லையோ, முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டேன். அவர் சொல்லிக்கொண்டே போனார். கொல்லையில் பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, வெகுநேரம் கேட்டது. அதற்குள் ஐந்தரை தாண்டிவிட்டது. கடல் தாண்டி ஐந்து பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் எனக்காகக் காத்திருப்பார்கள் என்ற நினைப்பு வந்தும் என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

அவள் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். முந்தானையால் துடைத்தபடியே, "அடுத்த மாசம் வர்றாராம் மாமி" என்றாள்.

"அடுத்த மாசமா! அல்ஹம்துலில்லாஹ்!" மாமியார் தைலம் படிந்த இரண்டு கைகளையும் மேலே ஏந்தினார். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் நான் படியேறிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் மாடிக்கு வரவில்லை. நான் மொட்டைமாடியில் இல்லாத நேரமாகப் பார்த்துத் துணி காயப்போட்டாள். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தேன். பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்துவதில் எனக்குச் சிரமமில்லை. இதைத் திருத்தத் தெரியவில்லை.

எட்டாம் நாள் காலையில் அவளே வந்தாள். கதவருகிலேயே நின்றாள்.

"கோவமாத்தான் இருந்தேன் டீச்சர். கல்யாணமாகி இத்தன வருஷத்துல அவரு எனக்குன்னு தனியாச் சொன்னது இது ஒண்ணுதான். அதுவும் என் காதுக்கு முன்னாடி உங்க காதுக்கு வந்துருச்சு."

"ரெண்டாந்தடவை நான் கழட்டி வச்சிருக்கணும்மா. கழட்டல. தப்புதான்."

அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீங்க வரலேன்னா மாமி முன்னாடியே போட்டிருப்பேன். அதையும் நெனச்சுப் பாத்தேன்" என்றாள். "டீச்சர், ஒண்ணு கேக்கவா? பாரமாயிருவேனோன்னு சொல்றாருல்ல, அங்க அழுதாரா? எத்தன தடவை போட்டுக் கேட்டும் எனக்குப் புரியல. வேற யாருகிட்டயும் கேக்க முடியாது."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அந்தக் குரலைக் கேட்டவர்கள் உலகத்திலேயே நாங்கள் இரண்டு பேர்தான்.

"அழலம்மா" என்றேன். "அழுகை வந்துச்சு. மூச்ச இழுத்து நிறுத்திக்கிட்டாரு."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அழுது முடித்ததும் போனை எடுத்தாள். எத்தனையோ தடவை எழுதி எழுதி அழித்தாளாம், இனி பேசியே அனுப்பிவிடுகிறேன் என்றாள். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "இருங்க டீச்சர்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"வாங்க" என்று ஆரம்பித்தாள். "மொதல்ல சீனி போட்ட டீய இன்னையோட நிறுத்துங்க. தஞ்சாவூர்ல கண்ணாஸ்பத்திரிக்கு நம்ம டீச்சர் விசாரிச்சுச் சொல்றேன்னுருக்காங்க. உம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீங்க அதப்பத்திக் கவலப்பட வேணாம். பாரம் கீரம்னு சொன்னீங்கல்ல, அதுக்கு இருக்கு உங்களுக்கு, வாங்க." விரலை எடுத்து அனுப்பிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நான் எதையும் விசாரிப்பதாகச் சொல்லியிருக்கவில்லை. அன்று மத்தியானமே விசாரித்தேன்.

அடுத்த மாதம் அவர் வந்தார். வருவதற்கு ஒரு வாரம் முன்னால் மாமியாரிடம் அவள் சொல்லிவிட்டாள். இரண்டு நாள் அழுதுகொண்டிருந்த அந்த அம்மா, மூன்றாம் நாள் வீட்டிலிருந்த சீனியையும் அல்வாவையும் எடுத்து அக்கம்பக்கத்தில் கொடுத்துத் தீர்த்தார். தஞ்சாவூருக்கு மூன்று நடை போய்வந்தார்கள். வலது கண் போனது போனதுதான். இடது கண்ணுக்கு வைத்தியம் பிடித்தது. இப்போது மச்சானுடைய பெயின்ட் கடையில் காலை முதல் மாலைவரை உட்காருகிறார்.

வந்த நாலைந்து நாளில் ஒரு சாயங்காலம் என்னைப் பார்க்க மாடிக்கு வந்தார். ஒரு பை பேரீச்சம்பழம் கொண்டுவந்திருந்தார். பேசும்போது என்னைப் பார்க்க முகத்தைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் சொன்னத மொதல்ல கேட்டது நீங்கதானாமே" என்றார்.

எனக்குக் காதெல்லாம் சூடேறியது. "தெரியாமதான் தம்பி..."

"இல்ல, அவ எல்லாம் சொன்னா. அதுக்கு முன்னாடி எட்டுத் தடவை பேசிப் பேசி அழிச்சேன் டீச்சர். ஒன்பதாவதுதான் அனுப்பினேன். அனுப்பிட்டு, அவ அத எங்க உக்காந்து கேப்பாளோ, கேக்கும்போது பக்கத்துல யாரும் இருப்பாங்களோ இல்லையோன்னுதான் எனக்கு ஒரே யோசனையா இருந்துச்சு. நீங்க இருந்திருக்கீங்க."

சிரித்தார். கீழேயிருந்து அவர் அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். இடது கையைச் சுவரில் வைத்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினார். படிக்கட்டின் அடியில் அவள் வந்து நின்றாள்.

"பாத்து, இன்னும் ரெண்டு படி இருக்கு" என்றாள்.

"தெரியும்" என்றார் அவர். "எண்ணிக்கிட்டேதான் வர்றேன்."