நான் அழித்த மூன்றாவது கை

முப்பத்தோரு வருடம் பாயான் லெப்பாசில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் க்யூசி லைன் லீடராக இருந்தேன். லைனில் வரும் சர்க்யூட் போர்டுகளில் கீறல், கறை, கோணல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துப் பிரிக்கும் வேலை. நல்லது பச்சைத் தட்டுக்கு, கெட்டது சிவப்புத் தட்டுக்கு. நான் ரிஜெக்ட் பண்ணிய ஒரு போர்டுக்காகக்கூட 'ஐயோ, அவசரப்பட்டுட்டோமே' என்று வருத்தப்பட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு, பத்து வயதுப் பெண் ஒருத்தியின் முன்னால் அப்படி வருத்தப்பட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். பிள்ளைகளுக்கு ஏ.ஐ. சொல்லிக்கொடுக்கக் கிளம்பியிருக்கும் இளையவர்கள் அதே தப்பைச் செய்யாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. சும்மா உட்காரப் போனவள்

ஆயர் ஈத்தாமில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு டேவான் உண்டு. குடியிருப்பாளர் கூட்டம், பிறந்தநாள் விருந்து, ஸும்பா ஆட்டம் எல்லாம் அந்த மண்டபத்தில்தான். எங்கள் மாடியில் இருக்கும் ஷாலினி விளம்பர டிசைன் வேலை பார்க்கும் பெண். சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு வகுப்பு நடத்தப் போவதாகச் சொல்லிக்கொண்டு என் கதவைத் தட்டினாள்.

"ஆண்ட்டி, போட்டோவும் ஏ.ஐ.யும் வச்சி பிள்ளைங்கள யோசிக்க வைக்கிற கிளாஸ். நீங்க சும்மா வந்து உக்காருங்க, போதும்லா. உங்களப் பாத்தாலே சத்தம் போட மாட்டாங்க."

அவள் புகழ்ந்தாளா இல்லையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. போய் உட்கார்ந்தேன்.

வகுப்பு முறை எளிதுதான். பிள்ளைகள் வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவரைப் படமெடுத்து வர வேண்டும். படத்தைப் பார்த்து, 'இது இப்படி இருந்தால் என்ன ஆகும்?' என்று ஒரு கேள்வி யோசிக்க வேண்டும். கேள்வியைச் சொற்களில் எழுதி, படத்தோடு ஏ.ஐ.க்குக் கொடுத்தால் அது ஒரு புதுப் படம் போட்டுத் தரும். முகம் தெரியும் படமாக இருந்தால், படத்தில் இருப்பவரிடம் ஒரு பாரத்தில், அதாவது சம்மதப் படிவத்தில், கையெழுத்து வாங்கி வர வேண்டும். அந்தப் பாரம் மட்டும் என் யோசனை. பாரம் இல்லாமல் என்னால் ஒரு வேலையும் பார்க்க முடியாது.

முதல் நாளே ஷாலினிக்கு ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது. "ஆண்ட்டி, அரை மணி நேரம் பாத்துக்குங்க" என்று லேப்டாப்பை என் முன்னால் தள்ளிவிட்டு வெளியே ஓடினாள். பன்னிரண்டு பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள். யுவன் என்ற வாயாடி எழுந்து, "டீச்சர், இப்ப என்ன பண்ணணும்?" என்றான்.

டீச்சராம்! அந்த ஒரு சொல்லில் நான் விழுந்துவிட்டேன். எனக்கு என்ன தெரியும்? கெட்டதைக் கண்டுபிடிக்கத் தெரியும். "கம்ப்யூட்டர் போட்டிருக்கிற படத்துல என்ன தப்பு இருக்குன்னு பாருங்க. விரல எண்ணுங்க, நிழலப் பாருங்க, கடை போர்டுல இருக்கிற எழுத்தப் படிங்க" என்றேன். பிள்ளைகளுக்கு அது திருவிழாவாகிவிட்டது. "டீச்சர், ஆறு விரல்!" "டீச்சர், மோட்டார் சைக்கிளுக்கு ஒரு சக்கரந்தான்!" ஷாலினி திரும்பி வந்தபோது டேவானே அதிர்ந்துகொண்டிருந்தது. சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள வந்தவளின் சத்தம்தான் அதில் பெரிதாகக் கேட்டதாம்.

2. பச்சை முத்திரை

அடுத்த வாரமே டவுனுக்குப் போய் இரண்டு ரப்பர் முத்திரை செய்து வாங்கி வந்தேன். பச்சை மையில் 'பாஸ்'. சிவப்பு மையில் 'ரிஜெக்ட்'. பிள்ளைகள் படத்தை அச்செடுத்து வரிசையில் நிற்பார்கள். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்துக் குத்துவேன். பழைய வேலை திரும்பி வந்த மாதிரி அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வகுப்பு முடிந்ததும் ரிஜெக்ட் படங்களை லேப்டாப்பிலிருந்து அழிப்பேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்வேன். தொழிற்சாலையில் ரிஜெக்ட் போர்டை இரண்டாக உடைத்துத்தான் போடுவோம். முழுசாக விட்டால் எவனாவது எடுத்து நல்ல லாட்டில் சொருகிவிடுவான். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

நாலாவது வாரம் ஷாலினி என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"ஆண்ட்டி, பிள்ளைங்க படத்த வரிசையாப் பாத்தீங்களா?"

"பாத்தேனே. ஒண்ணத் தவிர எல்லாம் பச்சை. ஒரு குறை கிடையாது."

"எல்லாம் பூ ஜாடி, ஆண்ட்டி. பூ ஜாடி, பூனைக்குட்டி, சூரியன். ஒருத்தியத் தவிர யாருமே மனுசங்கள வச்சி ஒண்ணும் கேக்க மாட்டேங்கிறாங்க. விரல் தப்பாப் போய்ட்டா நீங்க செவப்பு குத்திடுவீங்கன்னு பயம்."

எனக்குக் கோபம் வந்தது. "தப்பத் தப்புன்னு சொல்லக் கூடாதா?" என்று எகிறினேன். அவள் லேப்டாப்பை மூடினாள். வீட்டுக்கு வந்தும் அந்தக் கோபம் அடங்கவில்லை. அவள் சொன்னது உண்மை என்பதால்தான் அடங்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

ஒருத்தி மட்டும் பூ ஜாடிக்கு மாறவில்லை. அவள் பெயர் தாரணி. அதிகம் பேச மாட்டாள். அவளுடைய அப்பா குமார், பாசார் சந்தைப் பக்கத்தில் ஹனிபா அண்ணனின் சாப்பாட்டுக் கடையில் மாவை வீசி ரொட்டி சானாய் போடுகிறவர். வாரா வாரம் அப்பா ரொட்டி வீசும் படத்தோடுதான் வருவாள். அந்த நாலாவது வாரம் ஏ.ஐ. போட்டுக் கொடுத்த படத்தில் குமாருக்கு இரண்டு கை மாவில் இருந்தது, மூன்றாவதாக ஒரு கை தோளிலிருந்து முளைத்து முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தது. நான் எண்ணக்கூட இல்லை. சிவப்பு முத்திரையைக் குத்தினேன். பிள்ளைகள் போனதும் படத்தை அழித்தேன். அச்செடுத்த தாளையும் கிழித்துப் போட்டேன்.

3. அந்தப் படம் எங்கே?

அடுத்த சனிக்கிழமை தாரணி எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றாள். அதற்கடுத்த சனிக்கிழமை பெற்றோருக்கான கண்காட்சி.

"டீச்சர், மூணு கை படம் வேணும். கண்காட்சியில மாட்டணும்."

"அது ரிஜெக்ட்டும்மா."

"இல்ல டீச்சர், அதுதான் வேணும். எங்க அப்பாவுக்குக் கை ரெண்டுலயும் எப்பவும் மாவும் எண்ணெயும். மூக்கு அரிச்சாகூடச் சொறிய முடியாது. ஸ்கூல் லீவுல நான் கடைக்குப் போனா, 'தாரணி, மூக்கு!'ன்னு கத்துவாரு. நான் போய்ச் சொறிஞ்சு விடுவேன். நான் இல்லாதப்ப என்ன செய்வாரு? அதுக்குத்தான் அந்தக் கை."

யுவன் உட்பட ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் தொடர்ந்து சொன்னாள். "வீட்டுல போய்ச் சொன்னேன். அப்பா அப்படிச் சிரிச்சாரு. என் ஸ்கூலுக்கு அவரு ஒரு தடவகூட வந்ததில்ல டீச்சர், காலையில கடைய விட முடியாது. இந்தப் படத்த மாட்டுனா முதலாளிகிட்டக் கேட்டுட்டுக் கண்டிப்பா வரேன்னு சொல்லியிருக்காரு."

லேப்டாப்பின் குப்பைத்தொட்டியில் தேடினேன். காலியாகத்தான் இருக்கும், நானே காலி செய்ததுதானே? "அழிச்சிட்டேம்மா" என்றேன். அவள் சத்தம் போட்டு அழவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்க, "பரவால்ல டீச்சர்" என்றாள். அதற்குப் பதில் அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"மறுபடி போட்டுக் குடுக்கச் சொல்லலாம். மூணு கை போட்ட கம்ப்யூட்டருக்கு இன்னொரு தடவ போடத் தெரியாதா?" என்று உட்கார்ந்தோம். அதற்குத் தெரியவில்லை! கேட்காதபோது தானாகப் போட்டது, கேட்டபோது ஒழுங்காக இரண்டு கைதான் போட்டது. 'மூன்று கை' என்று அழுத்திச் சொன்னோம். எட்டுக் கை வந்தது. குமார் கோயில் சிலையாகிவிட்டார். இன்னொரு முறை மூன்றாவது கை மேசைமேல் தனியாகக் கிடந்தது.

"டீச்சர், கை மட்டும் தனியா பசியாற வந்திருக்கு!" என்றான் யுவன். தாரணியே சிரித்துவிட்டாள்.

நான் அந்த லேப்டாப்பைத் திட்டியது, லைன் நின்றுபோனால் மெஷின்காரனைத் திட்டிய அதே திட்டு. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பிறகு ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். வெட்டி ஒட்டலாம், வரைந்து காட்டலாம், கையுறையில் பஞ்சு அடைத்துக் கட்டலாம். ஐந்து வாரத்தில் அவர்கள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. என் முத்திரைகள் பைக்குள்ளேயே கிடந்தன.

கடைசியில் தாரணிதான் சொன்னாள். "நான் அப்பா பின்னால நின்னு கைய நீட்டுனா?"

4. பால் டின் பெட்டிமேல்

ஞாயிற்றுக்கிழமை காலை தாரணி, அவள் அம்மா, ஷாலினி, நான் நாலு பேரும் கடைக்குப் போனோம். மலைக்குப் போகிற கூட்டம் பசியாற உட்கார்ந்திருந்தது. ஹனிபா அண்ணன் கல்லாவிலிருந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்கா?"

"பத்து நிமிசம் அண்ணே."

"அஞ்சு நிமிசத்துல முடிச்சிருங்க. மேசையில பதினாலு ரொட்டி ஆர்டர் நிக்குது."

குமாரின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, பால் டின் பெட்டிமேல் ஏறி, அப்பாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டாள் தாரணி. அவர் தோளுக்கு மேலே ஒரு சின்னக் கை நீண்டு வந்து மூக்கைத் தேடியது. முதலில் கண்ணைக் குத்தியது, பிறகு மீசையைப் பிடித்து இழுத்தது.

"ஏய், மூக்கு மேல இருக்குலா! மேல, மேல! ஆங், அங்கதான்... இன்னும் கொஞ்சம்!"

குமார் சிரித்த சிரிப்பில் வீசிய ரொட்டி கல்லைத் தாண்டிப் போய்த் தே தாரிக் டீ ஆற்றுகிறவர் தோளில் விழுந்தது. கடையே சிரித்தது. ஹனிபா அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு, "பதினஞ்சு ஆர்டர் ஆக்கிட்டீங்க" என்றார். ஷாலினி அந்த நொடியில் படத்தை எடுத்துவிட்டாள்.

படத்தைப் பார்த்தேன். ரொட்டி கலங்கலாக இருந்தது. லென்சில் மாவு. மூன்றாவது கை மற்ற இரண்டில் பாதி அளவுகூட இல்லை. என் பழைய க்யூசி தாளின்படி மூன்று குறை. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஏ.ஐ.க்கு என்ன சொல்ல வேண்டும் என்று தாரணியே எழுதினாள்: 'இந்தப் படத்தில் எதையும் திருத்தாதே. ரொட்டியை மட்டும் ஆயர் ஈத்தாம் மலையளவுக்குப் பெரிதாக்கு.' முதல் தடவை அது மரியாதையாக மூன்றாவது கையை அழித்துவிட்டது. நான் செய்த அதே வேலை! எனக்கு வெட்கமாக இருந்தது. ஐந்தாவது தடவைதான் பேச்சைக் கேட்டது. மலை முழுக்க ஒரு ரொட்டி பறக்க, அதன் கீழே மூன்று கையோடு குமார் சிரித்துக்கொண்டிருந்தார்.

5. கண்காட்சி

பத்து மணிக்குத் தொடங்கினோம். சுவர் முழுக்கப் படங்கள், ஒரு பூ ஜாடி கிடையாது. லிஃப்ட் ரிப்பேர் ஆனதால் இறக்கையோடு மாடியேறும் அம்மா, தலையிலேயே மின்விசிறி வைத்துக்கொண்ட காவல்கார ஜாகா மாமா என்று யுவன் வாய் ஓயாமல் விளக்கிக்கொண்டிருந்தான். தாரணி மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. ஸும்பாக்காரர்கள் வெளியே காத்திருந்தார்கள். நானும் வாசலைப் பார்க்க ஆரம்பித்தேன்.

தாரணியின் படத்துக்கு முன்னால் ஓர் அம்மா நின்று, "இங்க பாருங்க, கம்ப்யூட்டர் தப்பு பண்ணிருச்சு. மூணு கை போட்டிருக்கு" என்று தன் கணவரிடம் காட்டினார். இரண்டு வாரத்துக்கு முந்தைய நானேதான் அங்கே நின்றேன்.

"தப்பு இல்லம்மா, அது அவ கை" என்று தாரணியைக் காட்டினேன்.

அப்போதுதான் குமார் உள்ளே ஓடி வந்தார். ஏப்ரனோடு, கையெல்லாம் மாவோடு. ஹனிபா அண்ணன், 'இன்னும் கால் மணி நேரத்துக்கு ரொட்டி கிடையாது, தோசை சாப்பிடுங்க' என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிட்டு அவரை அனுப்பிவைத்தாராம். யார்மேலும் பட்டுவிடாமல் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, படத்தின் முன்னால் வந்து நின்றார். சிரித்தார். பார்த்துக்கொண்டே இருந்தவரின் கண் கலங்கியது. துடைக்கக் கை இல்லை.

"தாரணி" என்றார்.

மூக்கு என்று சொல்லவில்லை, கண் என்றும் சொல்லவில்லை. அவள் அங்கே கிடந்த நாற்காலியில் ஏறி, தன் சட்டை நுனியால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். நான் மூக்கை உறிஞ்சியது எல்லாருக்கும் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

இப்போது எட்டு மாதமாக வகுப்பு நடக்கிறது. பச்சை முத்திரையும் சிவப்பு முத்திரையும் என் அலமாரியில் இருக்கின்றன. தப்பைக் கண்டுபிடிக்க இன்றும் சொல்லிக்கொடுக்கிறேன், அது வேண்டும். ஆனால் அழிப்பதற்கு முன்னால் பிள்ளையிடம், "இது எதுக்கு வச்சிருக்க?" என்று கேட்கிறேன். 'சும்மா' என்று பதில் வந்தால் மறுபடி யோசிக்கச் சொல்கிறேன். பதில் வேறாக இருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். லேப்டாப்பில் ரிஜெக்ட் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, அதை யாரும் காலி செய்வதில்லை.

அன்றைக்குக் கிளம்பும்போது குமார் தன்னை மறந்து அந்தப் படத்தைத் தொட்டுவிட்டார். ஓரத்தில் எண்ணெயும் மாவுமாக ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்தது. தொழிற்சாலையில் ஒரு விரல் ரேகை பட்டாலே அந்த போர்டு சிவப்புத் தட்டுக்குத்தான் போகும். நானே எத்தனையோ போட்டிருக்கிறேன். ஷாலினி டிஷ்யூவை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் கையைத் தட்டிவிட்டேன்.