நாளைக்கு வருகிறேன் என்றவர்

சிஸ்டர் ஊசி போடும்போது நோயாளியைச் சமாதானப்படுத்துவதில்லை; ஊசியைத்தான் மிரட்டுவார். “இந்தா, போன தடவை மாதிரி வம்பு பண்ணினே, வளைச்சுக் குப்பையில போட்டுடுவேன்.” அவர் வேலை பார்த்த அந்த அயல்நாட்டில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் அழ வாயெடுத்த குழந்தைகள், யார் திட்டு வாங்குவது என்று சுற்றுமுற்றும் பார்க்கும். அதற்குள் காரியம் முடிந்துவிடும்.

தண்ணீர்க் குழாய்களை மாற்றுவதற்காக அந்த மருத்துவமனையில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். நாற்பது படுக்கை, ஒரு பிரசவ அறை, கட்டுப்போடும் அறை ஒன்று. டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் சிஸ்டர்தான் எல்லாம். வயது அறுபத்துமூன்று. முழங்கைவரை சுருட்டி ஊக்குக் குத்திய சாம்பல் நிற அங்கி. காலில் ஆண்கள் போடும் ரப்பர் செருப்பு. பைக்குள் கத்தரிக்கோல், பாதிப் பென்சில், எந்தக் காலத்திலோ நொறுங்கிய பிஸ்கட்டின் தூள். காலை ஜெபத்தில் அவர் பாட ஆரம்பித்தால், புதிதாக வந்திருந்த இரண்டு இளம் சிஸ்டர்களும் சுருதியைக் கைகழுவிவிட்டு அவர் போகிற வழியிலேயே போய்விடுவார்கள்.

“தமிழா? அப்பாடா! உக்காருங்க தம்பி” என்றார் என்னைப் பார்த்ததும். “நான் தமிழ்ல பேசி நேர்ல பதில் வந்து எத்தன வருசமாச்சு!”

மூன்று வருடத்துக்கென்று கன்னியர் மடம் அனுப்பிவைத்தவர். முப்பத்தைந்து ஆகிறது. கடைசிப் பதினைந்து வருடமாக ஞாயிறு தவறாமல் அண்ணன் மகன் போன் பண்ணுவான். “அத்தே, எப்ப வர்றீங்க?”

“டிக்கெட் கிடைக்கலடா.”

“பதினஞ்சு வருசமா டிக்கெட் கிடைக்காத ஒரே ஆள் உலகத்துலயே நீங்கதான்.”

மருத்துவமனை வாசலுக்கு எதிரே ஒரு காய்கறிக்காரி கடை போட்டிருந்தாள். தினமும் சிஸ்டர் அவளுக்கு வணக்கம் சொல்வார். அவள் தராசைத் துடைத்துக்கொண்டிருப்பாள், ஏறிட்டுப் பார்க்கமாட்டாள். ஒரு வாரம் பார்த்துவிட்டு, “என்ன கோபம் அந்தம்மாவுக்கு?” என்று கேட்டேன்.

சிஸ்டர் கட்டுத்துணியைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்பு ஊரில் சண்டை மூண்டது. ஒருநாள் மதியம் மடத்து மேலிடத்திலிருந்து உத்தரவு: ஒரு மணி நேரத்தில் ஐந்து சிஸ்டர்களும் வெளியேற வேண்டும். ஜீப் வந்து நின்றது. நடக்க முடிந்த நோயாளிகள் போய்விட்டார்கள். ஒன்பது பேர் படுக்கையில் கிடந்தார்கள். அதில் ஒருத்தி காய்கறிக்காரியின் மூத்த மகள், பதினெட்டு வயது, கடும் காய்ச்சல். சிஸ்டர் அவளுக்குப் புது சலைன் பாட்டில் மாட்டினார். பெண் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “நாளைக்கு வந்துடுவேன்” என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

பாதை திறக்க நாற்பத்துமூன்று நாள் ஆயிற்று. பெண் ஒன்பதாம் நாளே இறந்திருந்தாள்.

“கீழ்ப்படியறேன்னு வார்த்தைப்பாடு குடுத்தவ நான். அத மீறல. அந்தப் பொண்ணுக்கும் ஒரு வார்த்தை குடுத்தேனே தம்பி, அது?”

“நீங்க இருந்திருந்தா பிழைச்சிருப்பாளா?”

“தெரியல. மருந்து அலமாரியிலயே இருந்துச்சு. எடுத்துக் குடுக்க ஆள் இல்ல.”

போன ஐவரில் திரும்பி வந்தவர் இவர் ஒருவர்தான். வந்த அன்றே காய்கறிக்காரி வீட்டுக்குப் போய், “வர்றேன்னு சொன்னேன். வரல” என்று வாசலில் நின்று சொன்னாராம். அவள் கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வேறு ஆஸ்பத்திரிக்குத்தான் பயணம்.

நான் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு, கட்டுப்போடும் அறையில் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் காய்கறிக்காரி. கூட அவளுடைய இளைய மகள். கண்ணாடி கிழித்து உள்ளங்கை பிளந்திருந்தது. சுற்றியிருந்த துணியிலிருந்து ரத்தம் தரையில் சொட்டியது. அடுத்த பஸ் சாயங்காலம்தான்.

சிஸ்டர் எழுந்தார், ஆனால் கிட்டே போகவில்லை. அதற்குள் எனக்கும் கொஞ்சம் பிடிபட்டிருந்த அந்த ஊர்ப் பேச்சில், “நான் தைக்கலாமா?” என்று கேட்டார்.

காய்கறிக்காரி மகளை ஸ்டூலில் உட்காரவைத்து, பின்னால் நின்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் நழுவப் பார்த்தேன். “தண்ணிய விட்டுட்டுப் போங்க” என்றார் சிஸ்டர், திரும்பாமலே. அவசரமாகக் குழாயைப் பொருத்தினேன்.

ஏழு தையல். நான்காவது தையலில் சிஸ்டருக்கு வியர்த்துக் கொட்டியது. மூக்குக்கண்ணாடி நழுவி நுனிமூக்குக்கு வந்துவிட்டது. இரண்டு கையிலும் ரத்தம் படிந்த உறை, தொட முடியாது. தலையை அண்ணாந்து பார்த்தார், மூக்கைச் சுளித்துப் பார்த்தார். அது இறங்கிக்கொண்டே இருந்தது.

மகளின் தோளிலிருந்த ஒரு கையைக் காய்கறிக்காரி எடுத்தாள். முன்னால் குனிந்து, ஒற்றை விரலால் அந்தக் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டாள்.