ஒன்பதாம் வகுப்பு டைரியும் கப்பல் லாக்புக்கும்

பதின்வயதுப் பெண்களுக்காக எழுதப்படும் சிரிப்பு டைரி நாவல்களைப் பதின்வயதுப் பெண்கள்தான் படிக்கிறார்கள் என்ற நம்பிக்கை, விவரம் தெரிந்தவர்களிடம்கூட வேரூன்றிக் கிடக்கிறது. தூத்துக்குடியில் வாடகை நூல் நிலையம் நடத்துகிறவன் என்ற முறையில் அதை வன்மையாக மறுப்பது என் கடமை. தேதி போட்டு, ஓரத்தில் கோணல்மாணலாகப் படம் வரைந்து, வரிக்கு வரி ஆச்சரியக்குறி தெளித்து, ஒரு பெண்ணே எழுதியதுபோல் அச்சிட்ட இந்தப் புத்தகங்கள் அந்தப் பெண்களின் பெயரில் வெளியே போகின்றன, அவ்வளவுதான். வீட்டுக்குள் போனபிறகு அவை யார் கையில் இருக்கும் என்பது, இரவல் கொடுத்துப் பிழைக்கும் என் சக பாவிகளுக்குத் தெரியாததல்ல.

தணிக்கை

ஒன்பதாம் வகுப்பு ஜெனி அப்படி ஒரு நாவலை எடுத்துப் போனாள். திருப்பிக் கொண்டுவந்தது அவள் அம்மா மெல்பா. பிள்ளை படிக்குமுன் படித்துப் பார்ப்பது தாயின் பொறுப்பு என்றார். பொறுப்பை நிறைவேற்றியதன் தடயமாகப் பல பக்கங்களில் மீன்குழம்பின் மஞ்சள் இருந்தது. எப்படி இருந்தது என்று கேட்டேன். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

"பிள்ளைகளுக்கு இது ஆகாது, அண்ணாச்சி. ரெண்டாம் பாகம் இருக்கா?"

லாக்புக்

ஜெனியின் அப்பா ரெமிஜியஸுக்குக் கப்பலில் என்ஜின் அறை வேலை. விடுப்பில் வந்திருந்தவர் அதே நாவலைக் கேட்டு வந்தார். ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் மகள் வேறு ஆளாக வளர்ந்து நிற்கிறாளாம்; எதைக் கேட்டாலும் 'ம்' என்கிறாளாம். அடுத்த கப்பல் ஏறுவதற்குள் அந்த வயசுப் பிள்ளையின் மனசைப் படித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு பயணம் முழுக்க போனில் அந்த 'ம்' மட்டும்தான்.

படித்து முடித்து வந்து, "இந்தப் பிள்ளைக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். அவள் கற்பனை என்றேன். தன்மைக் கூற்றின் இயல்பு, கதைசொல்லியை எந்த அளவுக்கு நம்பலாம் என்றெல்லாம் சற்று நேரம் விளக்கினேன். என்ஜின் சத்தத்தைக் கேட்பவரைப்போலப் பொறுமையாகக் கேட்டார்.

"தேதி போட்டுல்லா எழுதியிருக்கு, அண்ணாச்சி! கப்பல்ல தெனமும் எழுதுற லாக்புக்குல தேதி போட்டுப் பொய் எழுதுனா எங்களுக்கு வேலையே போயிரும்."

அமலாக்கம்

நாவலில் வரும் பெண்ணுக்கு அவள் அப்பா சாப்பிடும்போது பாடுவது பிடிக்காது. பள்ளி வாசல்வரை வருவதும் பிடிக்காது. ரெமிஜியஸ் இரண்டையும் அடியோடு நிறுத்திவிட்டார். ஜெனி கோபமாக வந்து நின்றபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

"எங்கப்பாவுக்கு என்ன புக்கு குடுத்தீங்க, அங்கிள்? தெருமுனையிலயே என்னை இறக்கிவிட்டுட்டு யாரோ மாதிரி நிக்காங்க. பாடவே மாட்டேங்காங்க. ஏதும் சீக்கா இருக்குமோன்னு அம்மா பயப்படுதா."

புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். படித்துச் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "இவளுக்கு அவங்கப்பா தெனமும் வீட்டுல இருக்காங்க, சலிக்கும். எனக்கு எப்படி அங்கிள் சலிக்கும்?"

இதை அப்பாவிடமே சொல்லேன் என்றேன். அதெல்லாம் நேரில் சொல்ல முடியாது என்றாள், வயதுக்குரிய அருவருப்போடு. நூலில் எழுதக் கூடாது என்று நானே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பென்சிலை நீட்டினேன். பாட்டு வரும் பக்கத்தின் ஓரத்தில், 'இது இவ அப்பாவுக்கு மட்டும். நீங்க பாடுங்க' என்று எழுதிவிட்டு ஒரு கணம் யோசித்தாள்.

"தேதியும் போட்டுருதேன், அங்கிள். இல்லன்னா எங்கப்பா நம்ப மாட்டாங்க."

புத்தகம் அன்றே அவள் வீட்டுக்குப் போயிற்று; அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சாப்பாட்டு வேளைகளில் வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியவில்லை என்று, ரெமிஜியஸ் கப்பல் ஏறும்வரை என் நூல் நிலையத்துக்கே வந்து படித்துக்கொண்டிருந்தார்.